ஆகஸ்ட், செப்டம்பர்: உங்கள் பக்கம் வந்தது யார், போனது யார்?

செம்பனைச்சாலை (பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர், மலேசியா), 23 ஆகஸ்ட்

சென்ற ஆண்டு இந்த இழை பூனை வளர்ப்புச் சண்டையில் போய் முடிந்தது. இம்முறை வலசைப் பறவையை மட்டும் பேசுவோம். எந்தப் பறவை, எந்த இடம், எந்த நாள், எத்தனை, இவ்வளவு போதும். படம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கண்ணில் பட்டதை எழுத்தில் சொல்லுங்கள். "ஒரு பழுப்புக் குருவி" என்று மட்டும் எழுதிவிட்டுப் பெயர் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

முதல் பதிவு என்னுடையது. தோட்ட ஆப்பீசுக்கு முன்னால் போகும் மின்கம்பியில் நேற்று மாலை தகைவிலான்கள் பதினொன்று. அதே கம்பியில் நம் ஊரிலேயே கூடுகட்டிக் குடியிருக்கும் பசிபிக் தகைவிலான்கள் நான்கு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. வடக்கிலிருந்து வருவதற்குச் செந்தொண்டைக்குக் கீழே கரும்பட்டை ஒன்று மார்பை அடைத்துக்கொண்டு ஓடும்; அதற்குக் கீழே வயிறு நல்ல வெள்ளை. உள்ளூர்க்காரருக்குப் பட்டை கிடையாது. தொண்டையின் செம்மை மார்பில் இறங்கி அழுக்குச் சாம்பலில் கலந்துவிடும். வாலடியில் செதில் செதிலாகக் கறுப்பு இருக்கும். வால் நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இப்போது வருபவற்றில் பல இந்த ஆண்டுக் குஞ்சுகள். அவற்றுக்கு வால் இழை இன்னும் நீளவில்லை.

வந்தவற்றை மட்டும் எழுத வேண்டாம், போனவற்றையும் எழுதுங்கள். அதைத்தான் எல்லாரும் மறக்கிறோம்.


கடைத்தெரு (பெஸ்தாரி ஜெயா), 23 ஆகஸ்ட்

வந்துவிட்டனவா? மகிழ்ச்சி. அக்டோபர் பிறந்தால் என் கடை வாசல் முழுக்க இந்த வாலிட் குருவிகளின் எச்சம்தான். காக்கி லீமாவை, அதாவது கடை முன் நடைபாதையை, காலையில் ஒருமுறை, கடை அடைக்கும்போது ஒருமுறை கழுவுகிறேன். வாடிக்கையாளர் காரை நிறுத்திவிட்டு உப்பும் புளியும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கார் நிறம் மாறிவிடுகிறது. உங்களுக்கெல்லாம் இது பொழுதுபோக்கு, எனக்குத் தண்ணீர்க் கட்டணம். விரட்ட வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


செம்பனைச்சாலை, 23 ஆகஸ்ட்

அண்ணன், அவை வாலிட் அல்ல. நம் ஊரில் மாடிக் கட்டடத்துக்குள் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டுக்காக வளர்க்கிறார்களே, அந்த வாலிட் உழவாரன் இனம். அதனால் கம்பியில் உட்காரவே முடியாது. சுவரிலும் கூரை மரத்திலும் தொற்றித்தான் கிடக்கும். அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் பறவை. உங்கள் கம்பியில் அணிவகுத்து உட்காருபவை தகைவிலான்கள். சீனா, கொரியா, ஜப்பான், சைபீரியாவின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களிலிருந்து வருகின்றன. ஆளுக்கு இருபது கிராம்கூடத் தேறாது.


கடைத்தெரு, 24 ஆகஸ்ட்

இருபது கிராம் குருவிக்கு இவ்வளவு எச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.


பவளக்காலி (கோலசிலாங்கூர்), 24 ஆகஸ்ட்

கடைக்கார அண்ணனுக்கு: பிளாஸ்டிக் ஆந்தை, பழைய குறுந்தகடு, இவற்றையெல்லாம் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள், நான்கு நாளில் பழகிவிடும். கம்பிக்கு நேர் கீழே வாசல் வராதபடி கித்தான் பந்தல் ஒன்றைச் சாய்வாக இழுத்துக் கட்டுங்கள். வாகனம் நிறுத்தும் கோட்டை எதிர்ப்பக்கம் மாற்றித் தரச் சொல்லி ஊராட்சிக்கு எழுதுங்கள். பட்டாசு, கவண், பிசின் எதுவும் வேண்டாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் பாம்பும் ஆந்தையும் நெருங்குவது குறைவு என்பதால்தான் கடைத்தெருவைத் தேடி வருகின்றன. பகலில் அவை செம்பனைக்கும் (எண்ணெய்ப் பனைக்கும்) வயலுக்கும் மேலே பூச்சி பிடித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் தூங்க மட்டும் உங்களிடம் வருகின்றன.

இனி என் பதிவு. ஜெராம் கடற்கரை, ஞாயிறு காலை: பவளக்காலி நாற்பதுக்கு மேல், மணல் உப்புக்கொத்திகள் ஒரு கூட்டம், சிறு கோட்டான் ஆறு, உள்ளான் இரண்டு. பவளக்காலிகளில் சிலவற்றின் முதுகில் இனப்பெருக்க கால இறகு இன்னும் உதிராமல் நுனி தேய்ந்து கிடந்தது. அந்த இறகோடு வருபவை வளர்ந்த பறவைகள். குஞ்சுகள் பின்னால் வரும்.


செம்பனைச்சாலை, 25 ஆகஸ்ட்

டீச்சர், சிறு கோட்டானை "வந்தது" என்ற கணக்கில் சேர்க்கலாமா? ஜூன் மாதத்திலும் அங்கே கோட்டான் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.


பவளக்காலி, 25 ஆகஸ்ட்

சேர்க்க மாட்டேன், அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் எழுதினேன். பெரிய கரைப்பறவைகளில் முதல் ஆண்டு இளசுகள் பல வடக்கே திரும்புவதே இல்லை. அங்கே போனாலும் அந்த வயதில் கூடு கட்டப் போவதில்லை. பத்தாயிரம் கிலோமீட்டர் வீணாகப் பறப்பானேன் என்று நம் சேற்றிலேயே தங்கிவிடும். ஆகவே ஆகஸ்டில் ஒரு கோட்டானைப் பார்த்து "வலசை தொடங்கிவிட்டது" என்று அறிவிக்க முடியாது. தேய்ந்த இனப்பெருக்க இறகோடு இருந்தால் அது வடக்கே போய்த் திரும்பியது. பழைய சாம்பல் இறகோடு மந்தமாக நின்றால் இங்கேயே கிடந்ததாக இருக்கலாம். தொலைநோக்கியில் முதுகைப் பாருங்கள். அலகை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் எழுதாதீர்கள்.

தொலைநோக்கி இல்லாதவர்கள் கடல் ஏற்றத்தைப் பார்த்துப் போங்கள். வற்றம் உள்ள நேரத்தில் சேறு கிலோமீட்டர் கணக்கில் விரிந்து கிடக்கும். பறவைகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தால் தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிது.


ஈயக்குட்டை (பெஸ்தாரி ஜெயா), 26 ஆகஸ்ட்

எல்லாருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழக மாணவன், பழைய ஈயச் சுரங்கக் குட்டைப் பக்கம் தினமும் போகிறேன். இன்று காலை நீலவால் பஞ்சுருட்டான் ஐந்து! செப்டம்பரில்தான் வரும் என்று படித்திருக்கிறேன். இது முன்கூட்டிய வருகை என்று நினைக்கிறேன். பச்சைத் தலை, பச்சை முதுகு, நீல வால், எல்லாம் படத்தில் தெளிவாக இருக்கின்றன.


பவளக்காலி, 26 ஆகஸ்ட்

தம்பி, படத்தைப் பெரிதாக்கித் தொண்டையைப் பாருங்கள். வெளிறிய நீலம். நீலவால் பஞ்சுருட்டானுக்கு மோவாயில் மஞ்சள் சாயல், அதற்குக் கீழே செம்பழுப்புத் தொண்டை. இளம் பறவையிலும் அந்தச் செம்மை ஓரளவு தெரியும். உங்கள் படத்தில் இருப்பது நீலத்தொண்டைப் பஞ்சுருட்டானின் இந்த ஆண்டுக் குஞ்சு. பெரியதற்குத்தான் உச்சந்தலையும் முதுகும் காவி நிறம். குஞ்சுக்கு அது வரும்வரை தலையும் முதுகும் பச்சை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் இதில் யாராவது ஒருவர் சிக்குகிறார்.

ஆனால் நல்ல படம், நல்ல இடம். நீலத்தொண்டை இங்கே கூடு கட்டுவதற்காக வரும் பறவை. மணற்பாங்கான தரையில் வளை தோண்டி முட்டையிடும். ஈயம் எடுத்தபின் கொட்டிவைத்த மணல்மேட்டைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் குஞ்சுகளோடு தெற்கே போய்விடும். அது காலி செய்யும் கம்பியில் நீலவால் வந்து உட்காரும். செம்பனைச்சாலை "போனவற்றையும் எழுதுங்கள்" என்றது இதற்குத்தான் பொருந்தும். நீங்கள் தினமும் போவதால் கடைசி நீலத்தொண்டை எந்த நாள், முதல் நீலவால் எந்த நாள் என்று குறித்துவையுங்கள். இந்த வட்டாரத்தில் அதைச் செய்ய உங்களை விட்டால் ஆள் இல்லை.


ஈயக்குட்டை, 26 ஆகஸ்ட்

சரி டீச்சர். மணல்மேட்டில் வளைகள் நிறைய இருக்கின்றன, எண்ணிப் பார்க்கிறேன். மேட்டை லாரி வைத்து அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை.


பழைய கிராணி (ஈஜோக்), 28 ஆகஸ்ட்

பிள்ளைகள் எல்லாரும் வடக்கே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் பின்னால் பார்க்கிறேன்.

என் சிறுவயதில் எங்கள் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் குயில் கூவியதில்லை. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னாலேயே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறதே, அந்தக் குயில் இந்த நாட்டில் முன்பு வலசை வந்து போகும் விருந்தாளி. காகம் பெருகியது, காகத்தின் கூட்டில் முட்டையிட்டுக் குயிலும் நிரந்தரக் குடியாகிவிட்டது. அந்தக் காகம் மட்டும் சொந்த ஊர்க்காரனா? 1890களில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களில் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காகம் இருக்கிறது. நம் பாட்டன்மாரைப்போலவே தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றி அழைத்து வரப்பட்டு, தோட்டம் மாறியபிறகும் ஊரைவிட்டுப் போகாதவன்.

பறவை விஷயத்துக்கு வருகிறேன். பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில் காட்டோரப் பறவைகள் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல்வரை வரும். செம்பனை வந்தபின் அது குறைந்தது. ஆனால் கிழட்டுச் செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்களே, அந்த ஓரிரண்டு ஆண்டு வெட்டவெளிதான் இப்போது பார்க்க வேண்டிய இடம். ஈஜோக் சாலையிலிருந்து தெரியும் மறுநடவில் வியாழக்கிழமை பொன் உப்புக்கொத்தி முப்பது போல் நின்றன. ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்க்கும், குத்தும், மறுபடி ஓடும். வயிற்றில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. வண்ணான் தவறவிட்ட சட்டை மாதிரி திட்டுத் திட்டாக. இன்னும் ஒரு மாதத்தில் அந்தக் கறுப்பு முழுவதும் உதிர்ந்துவிடும். பார்க்க நினைப்பவர்கள் இப்போதே வாருங்கள்.


செம்பனைச்சாலை, 28 ஆகஸ்ட்

ஐயா எழுதியது முழுக்கச் சரி. மறுநடவில் மூடுபயிர்க் கொடி தரையை மூடியபின் உப்புக்கொத்திகள் போய்விடும். வெறும் மண்ணாக இருக்கும் மாதங்களில்தான் நிற்கும். எங்கள் தோட்டத்தில் இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட மரங்களை இந்த ஆண்டு சாய்க்கிறார்கள். சாய்க்கும்போது கூகைப் பெட்டிகளை இடம் மாற்றும் வேலை என் தலையில். எலி பிடிக்கும் கூகை கூடு கட்டட்டும் என்று வைத்த பெட்டிகள் அவை. அருகிலேயே வீரியம் கூடிய எலி மருந்தையும் வைத்துவிட்டு, மருந்து தின்ற எலியைக் கூகை தின்று செத்தபிறகு "பெட்டி வேலை செய்யவில்லை" என்று அறிக்கை எழுதுகிறவர்களைப் பற்றி இங்கே எழுதினால் இழை திசைமாறும். விட்டுவிடுகிறேன்.


வயல்வரப்பு (தஞ்சோங் காராங்), 30 ஆகஸ்ட்

எங்கள் பக்கம் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு நாளில் தண்ணீர் விடுவார்கள். உழுது தண்ணீர் நிற்கும் பாத்தியைத் தேடிப் போனால் போதும், பறவை இருக்கும். இன்று பொறி உள்ளான் நிறைய, மீசை ஆலா சில, உண்ணிக்கொக்கு கணக்கில்லாமல்.

நத்தைகுத்தி நாரைகள் நூற்றுக்கு மேல். இதை வலசை என்று எழுதலாமா என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன்னால் இந்த வயலில் யாரும் இதைப் பார்த்ததில்லை. இப்போது தங்க நத்தை இருக்கும் இடமெல்லாம் நிற்கிறது. நாற்று நட்ட மூன்றாம் நாள் நத்தை வந்து குருத்தைத் தின்றுவிடும். மருந்தடித்தே கை ஓய்ந்த விவசாயிகள் இந்த நாரையைக் கும்பிடாத குறை. மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அந்த அலகால் ஓட்டைத் திறந்து சதையை இழுக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. வரப்பில் முழு ஓடாகக் குவிந்து கிடக்கிறது.


பவளக்காலி, 30 ஆகஸ்ட்

நத்தைகுத்தியை அலைந்து திரியும் பறவை என்றுதான் எழுத வேண்டும். தாய்லாந்து வயல்களில் பெருகியபின் பெர்லிஸ், கெடா வழியாகத் தெற்கே பரவியது. 2019 டிசம்பரில் சிங்கப்பூர் வானத்தில் ஆயிரக்கணக்கில் தெரிந்தபோது அங்கே பெரிய பரபரப்பு. உணவும் தண்ணீரும் எங்கே என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறது, நாள்காட்டிக்குக் கட்டுப்படுவதில்லை. எண்ணிக்கையை எழுதிக்கொண்டே இருங்கள்.

மடையான் கண்ணில் பட்டால் "மடையான்" என்று மட்டும் எழுதுங்கள். சீன மடையானும் ஜாவா மடையானும் இந்தப் பருவத்து இறகில் ஒன்றுபோலவே இருக்கும். மார்ச், ஏப்ரலில் நிறம் ஏறும்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். சிலர் உறுதியாக எழுதுகிறார்கள். அந்த உறுதி எங்கிருந்து வருகிறதோ.


மழைநகர் (தைப்பிங்), 2 செப்டம்பர்

பேராக் பக்கத்துப் பதிவு. புக்கிட் லாருட் அடிவார ஓடையில் கரும்சாம்பல் வாலாட்டி, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலிருந்தே. வாலை ஆட்டாமல் அதனால் ஒரு நொடி நிற்க முடிவதில்லை. தாமான் தாசேக் ஏரிப்பூங்கா மரங்களில் புலிக் கீச்சான் இரண்டு, இரண்டும் இளசு. முதுகெல்லாம் செதில் வரி, தடித்த அலகு, முகமூடி தெளிவாக இல்லை. ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான் ஒன்று. பழுப்புக் கீச்சான் இன்னும் வரவில்லை.

பருந்துகள் பற்றி யாரும் எழுதவில்லையே? இன்று பத்து மணிக்குத் தேன்பருந்து ஒன்று வட்டமிட்டது. சிறிய தலை, நீண்ட கழுத்து, சிறகு நுனியில் விரல்போல் விரிந்த ஆறு இறகு. தொடங்கிவிட்டதா?


கலங்கரை (போர்ட்டிக்சன்), 3 செப்டம்பர்

செப்டம்பர் இரண்டாம் தேதி தேன்பருந்து என்றால் நான் கொஞ்சம் நிதானிப்பேன். நம் காடுகளிலேயே நிரந்தரமாக இருக்கும் தேன்பருந்தும் உண்டு. தனியாக, ஒரே இடத்தில் வட்டமிட்டால் அதுவாகவும் இருக்கலாம். வலசைக்காரர்கள் அக்டோபரில் கூட்டமாக வருவார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் நழுவிப் போவதைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் தஞ்சோங் துவான் முனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எதிரே சுமத்ராவைச் சேர்ந்த ரூப்பாட் தீவு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பருந்துக்குத் தரையிலிருந்து மேலெழும் வெப்பக் காற்று வேண்டும். கடலுக்கு மேலே அது கிடைக்காது, சிறகடித்தே கடக்க வேண்டும். அதனால்தான் நீரிணை குறுகும் இடமாகப் பார்த்துத் தாண்டுகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் வடக்கே திரும்பும்போது களைத்துத் தாழ்வாக வரும், கலங்கரை விளக்கத்தடியில் நின்றால் கண்ணைப் பார்க்கலாம். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்துவதும் அந்தப் பருவத்தில்தான். இப்போது, தெற்கே போகும்போது, உயரத்தில் போய்விடும். கழுத்து வலிதான் மிச்சம்.

ஜப்பானியர்கள் செயற்கைக்கோள் கருவி கட்டி விட்ட தேன்பருந்துகள் வந்த வழியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கிழக்குச் சீனக் கடலைத் தாண்டிச் சீனா, அங்கிருந்து இந்தோசீனா, தாய்லாந்து, நம் தீபகற்பம், பிறகு சுமத்ரா, ஜாவா. போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றல்ல. அத்தனை தூரமும் தேடுவது குளவிக்கூட்டுப் புழுவை.


ஈயக்குட்டை, 4 செப்டம்பர்

வால்வரி மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் இடையில் எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்ததே. பிறந்து ஐந்து மாதம் ஆன குஞ்சு அது. அதற்கு வழி சொன்னது யார்?


பவளக்காலி, 4 செப்டம்பர்

யாரும் சொல்லவில்லை, அதுதான் கேள்வியே. பல கரைப்பறவைகளில் பெரியவை முன்னால் கிளம்பிவிடும், குஞ்சுகள் பின்னால் தனியாக வரும். சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு திசை அறிகின்றன. எந்தப் பக்கம், எவ்வளவு நாள் என்பது பிறவியிலேயே இருக்கிறது.

நம் கரைக்கு வருபவை அப்படி ஒரே மூச்சில் வருவதில்லை. இடையில் மஞ்சள் கடல் சேற்றில் இறங்கிக் கொழுப்பேற்றிக்கொண்டு மறுபடி கிளம்பும். கிழக்காசிய–ஆஸ்திரேலேசிய வலசைப்பாதை என்பது 22 நாடுகள், 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள். அதில் மிகவும் அடிபட்டது அந்த மஞ்சள் கடல்தான்; கரையைத் தூர்த்துத் தொழிற்பேட்டை கட்டினார்கள். 2019இல் சீனக் கரையின் ஒரு பகுதியும் 2021இல் கொரியச் சேற்றுக்கரைகளும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். ஜெராமில் பவளக்காலி குறைந்தால் காரணம் ஜெராமில் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பக்கக் காரணமும் உண்டு: ஏற்றத்தின்போது நிற்க இடம் வேண்டும். காப்பார் மின் நிலையத்தின் சாம்பல் குட்டைகளில் ஆயிரக்கணக்கில் நிற்பது அதனால்தான். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது, முயற்சி செய்யாதீர்கள்.


பழைய கிராணி, 9 செப்டம்பர்

பழுப்புக் கீச்சான் வந்துவிட்டது. என் வீட்டு வேலியில், சென்ற ஆண்டு உட்கார்ந்த அதே கம்பத்தில். காலை பசியாறிக்கொண்டிருந்தபோது கறகறவென்று சத்தம். அதே பறவைதானா என்று கேட்டு யாராவது வம்புக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த மெட்வே பிரபு 1960களில் இந்தக் கீச்சான்களுக்கு வளையமிட்டுப் பார்த்தார்; அடுத்தடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு அதே பறவை திரும்புவது தெரியவந்தது. என் கீச்சானுக்கு வளையம் இல்லை. எனக்கு அதுதான் இது.


செம்பனைச்சாலை, 9 செப்டம்பர்

வளையம் இல்லாததை "அதே பறவை" என்று பட்டியலில் எழுத முடியாது ஐயா. "அதே கம்பம்" என்று எழுதிக்கொள்கிறேன்.


பழைய கிராணி, 9 செப்டம்பர்

எழுதிக்கொள்ளப்பா. கணக்கெழுதுகிறவன் புத்தி எனக்குத் தெரியாதா.


ஈயக்குட்டை, 15 செப்டம்பர்

நீலத்தொண்டை கடைசியாகத் தெரிந்தது 7ஆம் தேதி, மூன்று குஞ்சுகள், பெரியது இல்லை. நடுவில் கம்பி காலி. நேற்று நீலவால் இரண்டு: மஞ்சள் மோவாய், செம்பழுப்புத் தொண்டை, கண்ணின் குறுக்கே கரும்பட்டை. படம் இணைத்திருக்கிறேன், தொண்டை தெரியும்படி எடுத்தேன். குட்டையில் சிறு நீல மீன்கொத்தி ஒன்று, முதல்முறை. சீழ்க்கைச் சிறகி அறுபது, அவை எப்போதும் இருப்பவை.


பவளக்காலி, 15 செப்டம்பர்

அருமை. ஒரு வாரம் காலியாகக் கிடந்த கம்பியும் ஒரு பதிவுதான். அதையும் எழுதியதற்கு நன்றி.


கடைத்தெரு, 27 செப்டம்பர்

அவசரம். காலையில் கடை திறந்தால் கண்ணாடிக் கதவடியில் ஒரு பறவை விழுந்து கிடக்கிறது. மைனா அளவு, வால் இருப்பதே தெரியவில்லை. பச்சை முதுகு, நீலச் சிறகு, மஞ்சள் பழுப்பு வயிறு, வாலடியில் நல்ல சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்பு. உயிர் இருக்கிறது, கண்ணை மூடி மூடித் திறக்கிறது. வாயில் தண்ணீர் ஊற்றவா?


பவளக்காலி, 27 செப்டம்பர்

ஊற்றாதீர்கள்! மூச்சுக்குழாயில் போய்விடும். அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து நான்கைந்து ஓட்டை போடுங்கள். அடியில் துணி விரித்துப் பறவையை வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். திறந்து திறந்து பார்க்கக் கூடாது, பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது, தீனி வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளம் நீலச்சிறகு ஆறுமணிக்குருவி. வடக்கே கூடு கட்டிவிட்டு இப்போது தெற்கே இறங்குகிறது. இரவில் பறக்கும், விளக்கெரியும் கடையையும் கண்ணாடியையும் கண்டு குழம்பி மோதும். கடைத்தெருவில் காலையில் இப்படிக் கிடப்பவற்றில் பூனை கண்ணில் படாமல் தப்புவது கொஞ்சம்தான். சாயங்காலம் பெட்டிக்குள் சுறுசுறுப்பாக நடமாடும் சத்தம் கேட்டால், பொழுது சாயும் நேரத்தில் மரமடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். சிறகு தொங்கினால் வனவிலங்குத் துறையை அழையுங்கள்.


கடைத்தெரு, 27 செப்டம்பர், இரவு

பிஸ்கட் பெட்டியில் வைத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் விட்டேன். மாலை நான்கு மணிக்கே உள்ளே குதிக்கத் தொடங்கிவிட்டது. ஏழு மணிக்கு மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் மரத்தடியில் திறந்தேன். சிறிது நேரம் பெட்டிக்குள்ளேயே நின்றது. பிறகு தரையில் இரண்டு தாவு தாவிப் புதருக்குள் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் காட்டினேன்.

கம்பிக் குருவிகள் இன்று இருநூறுக்கு மேல். பந்தல் கட்ட ஆள் சொல்லியிருக்கிறேன், இந்தப் பறவையைப் பார்த்ததால் அவற்றின்மீது எனக்குப் பரிவு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கடை விளக்குகளைப் பத்து மணிக்குமேல் அணைத்துவைத்தால் பயன் உண்டா?


பவளக்காலி, 27 செப்டம்பர்

நிச்சயம் உண்டு, அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் அணைத்துவையுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டினால் இன்னும் நல்லது.


செம்பனைச்சாலை, 28 செப்டம்பர்

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். அதையொட்டி ஜெராமில் ஒன்றாக எண்ணலாம் என்று டீச்சரும் நானும் பேசியிருக்கிறோம். காட்டுத்தீப் புகைமூட்டம் 2015, 2019 போல் வந்து தொலைத்தால் தள்ளிவைப்போம். கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்து நேரத்தை முந்தின வாரம் எழுதுகிறேன். ஏற்றம் எப்போதோ அப்போதுதான் போவோம்; "காலை பத்து மணிக்கு வந்தால் போதுமா" என்று கேட்காதீர்கள். ரப்பர் காலணி கட்டாயம். சேற்றில் இறங்குவது கிடையாது, அணைக்கரையில் நின்றுதான் எண்ணுகிறோம்.


வயல்வரப்பு, 28 செப்டம்பர்

தஞ்சோங் காராங்கிலிருந்து என் வேன் வரும், நான்கு இடம் காலி. கிராணி ஐயாவை ஈஜோக் சந்தியில் ஏற்றிக்கொள்ள நான் சுற்றித்தான் வர வேண்டும், பரவாயில்லை.


பழைய கிராணி, 28 செப்டம்பர்

சுற்ற வேண்டாம் தம்பி, சந்திவரை என் மருமகன் கொண்டுவந்து விடுவான். பசியாறல் என் பொறுப்பு. எத்தனை பேருக்கு நாசி லெமாக் சொல்லட்டும்?


ஈயக்குட்டை, 28 செப்டம்பர்

எனக்கு இரண்டு பொட்டலம் ஐயா.